ஹை பீம் எரிகிறது, டிம் மட்டும் போய்விடுகிறது: வாகனக் கேள்வி பதில்

கேள்வி: என்னுடையது 2001ஆம் ஆண்டு ஜப்பான் கார். இரவில் கொஞ்சத் தூரம் ஓடியதும் இரண்டு பக்க டிம் லைற்றும் ஒன்றாக அணைந்துவிடுகிறது. ஹை பீம் போட்டால் எரிகிறது, தண்டை இழுத்து பிளாஷ் அடித்தாலும் எரிகிறது. நிறுத்தி வைத்துவிட்டு எடுத்தால் டிம் திரும்ப வருகிறது. பல்ப் மாற்றியாயிற்று, ரிலேயும் மாற்றியாயிற்று. முழு வயரிங்கையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள் கராஜில். வெளிச்சம் காணாது என்று போன வருடம் 100/90 வாட் பல்ப் போட்டிருக்கிறேன். கந்தளாய், ஹபரணைப் பக்கம் இரவில் போகவேண்டிய ஆள் நான். என்ன செய்யலாம்?
(வாசகர், உப்புவெளி)

பதில்: வயரிங்கில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். பாதி விடையை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். இரண்டு பல்பும் சொல்லிவைத்தாற்போல ஒரே நொடியில் சாகாது, அதனால் பல்ப் இல்லை. பியூஸ் போயிருந்தால் ஆறினதும் தானாகத் திரும்பி வராது. ஹை பீம் எரிகிறதென்றால் பற்றரியிலிருந்து ஹெட்லைற் ரிலே (சின்னக் கரண்டில் இயங்கி பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) தாண்டி கரண்ட் வந்துகொண்டுதான் இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகவும் டிம்முக்கு மட்டும் தனியாகவும் இருப்பது என்ன என்று பாருங்கள்: ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள காம்பினேஷன் சுவிட்ச்சுக்குள் இருக்கும் டிம் காண்டாக்ட், அல்லது அந்த சுவிட்ச்சில் செருகியிருக்கும் பிளக். சில மொடல்களில் டிம்முக்கென்றே தனி ரிலே ஒன்றும் இருக்கும், அதையும் ஒருதரம் மாற்றிப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

சந்தேகத்தில் சுவிட்ச் வாங்காமல் மல்டிமீற்றரை 20 வோல்ட் டிசியில் வைத்து அளந்து பார்க்கலாம். ஒரு பல்பின் பிளக்கைக் கழற்றி, லைற்றைப் போட்டு, மீற்றரின் கறுப்புக் கம்பியை வண்டிப் பொடியின் வெற்று உலோகத்தில் வைத்து, சிவப்பால் பிளக்கின் மூன்று முனையையும் தொடுங்கள். டிம்மிலும் ஹையிலும் ஏதாவது ஒரு முனையில் 12 வோல்ட் மாறாமல் நிற்கிறதென்றால் (மற்ற முனைகளில் மற்றப் பல்ப் வழியாக வந்து போகலாம்) உங்கள் வண்டியில் சுவிட்ச் எர்த் பக்கத்தில், அதாவது பல்பைத் தாண்டி கரண்ட் பற்றரி மைனஸுக்குத் திரும்பும் வழியில், இருக்கிறது. பழைய ஜப்பான் வண்டிகள் பலவற்றில் இப்படித்தான். எந்த முனையிலும் 12 வோல்ட் நிலையாக நிற்காமல், தண்டை மாற்ற மாற்ற இடம் மாறினால் சுவிட்ச் பொசிட்டிவ் பக்கம், அப்போது கீழே சொல்வதைத் தலைகீழாக (12க்குப் பூச்சியம், பூச்சியத்துக்கு 12, எர்த் வயருக்குப் பதில் சுவிட்ச்சுக்குக் கரண்ட் கொண்டுவரும் வயர்) எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பிளக்கைத் திரும்பப் போட்டு, டிம் அணைந்திருக்கும் அந்த நேரத்தில் (ஆறிய பிறகு அளந்தால் எல்லாம் நல்லபிள்ளையாகக் காட்டும்) ஸ்டியரிங் தண்டின் கீழ்க் கவரைக் கழற்றி, சுவிட்ச் பிளக்கின் பின்பக்கமாக டிம் வயரைத் தொட்டுப் பாருங்கள். 12 வோல்ட் காட்டுகிறதா? அதே பிளக்கின் எர்த் வயர் பூச்சியத்தில் நிற்கிறதா? அப்படியென்றால் கரண்ட் சுவிட்ச் வாசல்வரை வந்து உள்ளே போக முடியாமல் நிற்கிறது, காண்டாக்ட் கருகிவிட்டது. சுவிட்ச்சில் பூச்சியம், பல்பில் 12 என்றால் இடையில் வயர் போயிருக்கிறது. லைற் எரியும்போதே அந்த டிம் வயரில் ஒன்று, ஒன்றரை வோல்ட் காட்டினாலும் சும்மா விடாதீர்கள், அவ்வளவும் காண்டாக்ட்டில் சூடாகிக் கரைகிற வோல்ட். பிளக்கை இழுத்துப் பார்த்தால் ஒரு முனைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கும் என்பது என் ஊகம்.

காரணம் அந்த 90 வாட்தான். கம்பனி பல்ப் 60/55 வாட், அதாவது ஹைக்கு 60, டிம்முக்கு 55. 55 வாட்டுக்கு ஒரு பக்கம் நாலரை அம்பியர் சொச்சம், இரண்டுக்கும் 9. உங்களுடையதில் 15 அம்பியர் ஓடுகிறது. ரிலே இருக்கிறதே, சுவிட்ச்சுக்கு என்ன என்று கேட்பீர்கள். எர்த் பக்கம் சுவிட்ச் வைத்த வண்டியில் ரிலே லைற் போடும் சுவிட்ச்சை மட்டுந்தான் காப்பாற்றும், பல்பிலிருந்து திரும்பி வரும் கரண்ட் முழுக்க டிம் காண்டாக்ட் வழியாகத்தான் எர்த்துக்குப் போகிறது. ஆகவே சுவிட்ச்சை மாற்றிவிட்டு அதே பல்பை விட்டால் புதுசும் கருகும். 60/55க்கே திரும்புங்கள். வெளிச்சம் போதாவிட்டால் மங்கிப்போன லைற் கண்ணாடியை மினுக்கி, உயரத்தைச் சரிபாருங்கள், பெரும்பாலும் அதிலேயே திருப்தியாகிவிடும். அதிக வாட்தான் வேண்டுமென்றால் தடித்த வயரும் தனி ரிலேயும் தனி பியூஸும் போட்டு பற்றரியிலிருந்து நேராக எடுக்க வேண்டும், அப்போதும் பல்ப் பிளக் அந்தச் சூட்டைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

சுவிட்ச் கழற்றும்போது எயார்பேக் உள்ள வண்டியென்றால் முதலில் பற்றரி மைனஸைக் கழற்றி சில நிமிடம் பொறுங்கள். அதுவரை இரவில் ஹபரணை ரோட்டை விட்டுவிடுங்கள், யானை குறுக்கே நிற்கும் இடத்தில் டிம் அணைந்தால் பிளாஷ் அடித்துச் சமாளிக்க முடியாது.

கேள்வி: என் வானில் பிரேக் மிதித்தால் பின்பக்க இன்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது. பல்ப் கோளாறா?
(வாசகர், மூதூர்)

பதில்: பெரும்பாலும் எர்த். பின்லைற்றுக்குப் போகும் எர்த் துருப்பிடித்தால் கரண்ட் அடுத்த பல்ப் வழியாகத் திரும்பப் பார்க்கும். உப்புக்காற்று அடிக்கிற நம் ஊரில் இது சாதாரணம். பிரேக்கை மிதித்துக்கொண்டு லைற்றின் எர்த் முனைக்கும் பற்றரி மைனஸுக்கும் இடையில் அளந்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டும். போல்ட்டைக் கழற்றி, பொடியில் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, இறுக்கிய பிறகு மேலே கிறீஸ் பூசுங்கள்.

கேள்வி: 15 அம்பியர் பியூஸ் அடிக்கடி போகிறது, 30 போடலாமா?
(வாசகர், கிண்ணியா)

பதில்: கூடாது. அந்தப் பியூஸுக்குப் பதில் அடுத்து எரிவது வயராக இருக்கும்.