சபையை விட்டுவிட்டு இயேசுவை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவள். இயேசுவின்மேல் எனக்குள்ள விசுவாசம் குறையவில்லை. ஆனால் சபையில் ஞாயிறுதோறும் கேட்கும் செய்தி, மரணத்துக்குப் பின் பரலோகம் சேர்வது எப்படி என்பதோடு முடிந்துவிடுகிறது. உடன் வேலை செய்யும் நண்பர்களின் கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை. நல்ல பிரசங்கங்கள் கைபேசியிலேயே கிடைக்கின்றன. சுவிசேஷத்தை இக்காலத்துக்கு ஏற்றபடி மாற்றிச் சொல்வது தவறா? சபையிலிருந்து விலகி, விசுவாசத்தைத் தனியாகக் காத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மனக்குறையில் நியாயம் இருக்கிறது. மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் இயேசு தம் ஊழியத்தைத் தொடங்குவதே தேவனுடைய ராஜ்யம் சமீபமாயிற்று என்ற அறிவிப்போடுதான். லூக்கா 4-ஆம் அதிகாரத்தில், நாசரேத்தூர் ஜெப ஆலயத்தில் ஏசாயாவின் புத்தகத்தைத் திறந்து அவர் வாசித்த பகுதி தரித்திரரையும் சிறைப்பட்டவர்களையும் குருடரையும் நொறுங்குண்டவர்களையும் பற்றியது. இவற்றை ஒதுக்கிவிட்டு மரணத்துக்குப் பிந்தைய வாழ்வை மட்டுமே பேசும் பிரசங்கம், கேட்பவருக்குப் பழைமையாகத் தோன்றினாலும், உண்மையில் சுருக்கப்பட்ட ஒன்றுதான்.

அதற்காக எதிர்ப்பக்கம் போய்ச் சுருக்கிவிடவும் கூடாது. கிறிஸ்து நம்முடைய பாவங்களுக்காக மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார் என்பதைப் பவுல் தாம் பெற்றுக்கொண்டபடியே ஒப்புவித்ததாகக் கொரிந்தியருக்கு எழுதுகிறார். அது நம் காலத்தின் வசதிக்காகத் திருத்திக்கொள்ளக் கூடியதன்று. அதை நீக்கி, நல்லொழுக்கமும் மன அமைதியும் தரும் செய்தியாக மட்டும் முன்வைத்தால் உங்கள் நண்பர்கள் மறுத்துப் பேசமாட்டார்கள். ஆனால் அதைக் கிறிஸ்துவிடமிருந்துதான் பெறவேண்டும் என்ற அவசியமும் அவர்களுக்கு இராது.

அப்படியானால் மாறக் கூடியது எது? இந்த விவாதத்தைச் சபை தன் முதல் தலைமுறையிலேயே நடத்தியது. ஏறத்தாழ கி.பி. 49-இல் எருசலேமில் கூடிய அப்போஸ்தலரும் மூப்பரும், யூதரல்லாத புறஜாதியார் கிறிஸ்துவைப் பின்பற்றுவதற்கு யூத அடையாளமான விருத்தசேதனம் தேவையில்லை என்று தீர்த்தார்கள். ஒரு பண்பாட்டின் அடையாளத்தை மற்றொரு பண்பாட்டின்மேல் சுமத்த வேண்டாம் என்பது அன்றைக்கே முடிவான செய்தி. ஆனால் அதைவிட அதிகமாக உங்களை யோசிக்க வைக்க வேண்டியது, கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்லும் அந்தியோகியாச் சம்பவம். அங்கே புறஜாதியாருடன் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபிடமிருந்து சிலர் வந்தவுடன் பயந்து விலகிக்கொள்கிறார். பேதுரு எந்த உபதேசத்தையும் மாற்றவில்லை. மாறியது அவர் உட்கார்ந்த இடம் மட்டுமே. அதைத்தான் பவுல், ‘சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்றபடி’ நடவாத செயல் என்று எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். கொரிந்துச் சபையிலும் இதேதான் நடந்தது. வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடிருந்தார்கள். நீங்கள் கூடிவந்து செய்வது கர்த்தருடைய இராப்போஜனமே அன்று என்று அவர்களுக்கு அவர் எழுதினார்.

ஆகவே சுவிசேஷமும் ஐக்கியமும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கக் கூடியவை என்ற உங்கள் எண்ணத்தை நான் ஏற்கவில்லை. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதன் பேராயர்களுள் ஒருவராக அபிஷேகம் பெற்ற லெஸ்லி நியூபிகின், 1974-இல் பிரிட்டனுக்குத் திரும்பியபின், தாம் புறப்பட்டுவந்த அந்தத் தேசமே இப்போது சுவிசேஷம் அறிவிக்கப்பட வேண்டிய களமாகியிருப்பதைக் கண்டார். சுவிசேஷத்தை விசுவாசித்து அதன்படி வாழும் ஒரு சபையே மற்றவர்களுக்கு அந்தச் சுவிசேஷத்தின் விளக்கவுரை என்பது அவர் வலியுறுத்திய கருத்து. உங்கள் நண்பர்களுக்குப் புதிய சொற்களைத் தேடுவதற்கு முன், அவர்கள் வந்து பார்க்கத்தக்க ஒரு கூட்டம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

கைபேசியில் பிரசங்கம் கேட்பதை நான் குறைசொல்லவில்லை. படுக்கையிலிருப்பவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் அந்தப் பிரசங்கியாருக்கு உங்களைத் தெரியாது. அவர் பேச்சு உறுத்தினால் அடுத்தவருக்கு மாறிவிட உங்களால் முடியும். நீங்களாக ஒருபோதும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டாத மனிதரோடு சேர்ந்து ஜெபிக்கவும், அவர்களிடம் மன்னிப்புக் கேட்கவும் அங்கே இடமில்லை. குறைந்துபோவது எது என்று கேட்டீர்களே, அதுதான். விசுவாசத்தை அவரவர் விருப்பத்தின்படி அமைத்துக்கொள்வது இக்காலப் பண்பாட்டின் மிகச் சாதாரணமான பழக்கம். சபை காலத்தோடு பேசவில்லை என்று வருந்தும் நீங்கள், விலகுவதன்மூலம் காலத்துக்கு முழுவதுமாக இணங்கிவிடுவீர்கள்.

ஜெர்மனியில் நாத்சி ஆட்சியின் நாட்களில் ஃபிங்கன்வால்டே என்ற ஊரில் போதகர்களைப் பயிற்றுவித்த இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர், சபையைவிடச் சபையைப் பற்றிய தன் கனவை நேசிப்பவன் அதை அழித்துவிடுவான் என்று எச்சரித்தார். 1944-இல் சிறையிலிருந்து, இன்று நமக்குக் கிறிஸ்து யார் என்று கேட்டு எழுதியவரும் அவரே. உங்கள் கேள்வியை உள்ளிருந்தபடியே கேட்க முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆனால் பிறப்பைக் காட்டி மனிதரைத் தள்ளிவைக்கும் சபையானாலும், பலவீனரைத் துன்புறுத்தியவரை மறைத்துப் பாதுகாக்கும் சபையானாலும், அங்கே தங்கியிருக்கச் சொல்லமாட்டேன். வேறொரு சபைக்குப் போங்கள், தனிமைக்குப் போகாதீர்கள்.

உங்கள் நிலை அதுவன்று என்றே கடிதத்திலிருந்து புரிகிறது. எனவே சபையில் உங்களைப் போலவே கேள்விகளோடிருக்கும் மூன்று நான்கு பேரைக் கண்டுபிடித்து, வாரம் ஒருமுறை ஒருவர் வீட்டில் சேர்ந்து சாப்பிட்டு, மாற்குவைத் தொடக்கத்திலிருந்து வாசியுங்கள். நான்கு சுவிசேஷங்களில் அதுவே சிறியது. நண்பர்களையும் அழையுங்கள். அவர்கள் கேட்பதற்கெல்லாம் உடனே பதில் சொல்ல முற்படாமல் குறித்துவையுங்கள். அந்தக் கேள்விகளைப் போதகரிடம் புகாராகச் சொல்லாமல், பிரசங்கத்தில் எடுத்துப் பேசும்படி கேளுங்கள். அவர் மறுத்தால், என்ன காரணம் சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள்.