ரோடு பைக்குக்கு ஒரு பக்கம் மட்டும் மாட்டும் க்ளிப்லெஸ் பெடல் சரிப்படுமா? எதை வாங்கலாம்?

கேட்டிருப்பது இதுதான்: வார நாட்களில் அலுவலகத்துக்கும் ஞாயிறுகளில் 60–80 கி.மீ. தூரத்துக்கும் ரோடு பைக், இதுவரை சாதா பெடல். ஒரு பக்கம் மட்டும் மாட்டும் க்ளிப்லெஸ் (ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் வகை) போட்டால் சிக்னலில் கால் தடுமாறுமா, இரண்டு பக்கமும் மாட்டுவதைத்தான் வாங்க வேண்டுமா?

தடுமாறாது. பக்கத்தைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் ஷூவின் அடியைப் பாருங்கள். எந்தப் பெடல் என்பதை முடிவு செய்வது அதுதான்.

முதலில் பக்கக் கணக்கு. ரோடு பெடலின் பின்பாதி வேண்டுமென்றே கனமாகச் செய்யப்பட்டது. காலை எடுத்ததும் பின்பாதி கீழே இறங்கி, முன்மூக்கு மேலே பார்க்கத் தொங்கும். ஒவ்வொரு முறையும் அதே நிலைதான். அதனால் குனிந்து பார்க்கத் தேவையே இல்லை: ஷூ முனையை மேலிருந்து முன்னால் தள்ளினால் க்ளீட்டின் (ஷூ அடியில் போல்ட்டால் மாட்டும் துண்டு) மூக்கு பெடலின் முன்விளிம்பில் கொக்கி போல மாட்டும், பெடலும் தானாகப் படுத்துக்கொள்ளும். அப்படியே மிதித்தால் 'டக்'. பத்து நாளில் கால் பழகிவிடும்.

புதுப் பெடலில் மட்டும் ஒரு சிக்கல் வரலாம். உள்ளே கிரீஸும் சீலும் இறுக்கமாக இருப்பதால் விட்ட இடத்திலேயே நின்றுவிடும், தொங்காது. சில நூறு கி.மீ. ஓடினால் சரியாகும். அதற்குப் பிறகும் நின்றால் பேரிங்கை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். கடையில் காட்டிச் சரிசெய்யுங்கள்.

கவனமாக இருக்க வேண்டியது ஒரு பக்கம் க்ளிப், மறுபக்கம் சாதா என்று வரும் இரட்டைப் பெடலில்தான். ஷிமானோ இஎச்500 அந்த வகை. எந்தப் பக்கம் மேலே நிற்கும் என்று சொல்ல முடியாது. செருப்போடு கடைக்குப் போக வசதி, ஆனால் ஒவ்வொரு சிக்னலிலும் பெடலைக் காலால் புரட்ட வேண்டியிருக்கும்.

இனி ஷூ. மூன்று போல்ட் க்ளீட் பெரியது, பிளாஸ்டிக், அடிக்கு வெளியே துருத்தி நிற்கும். ஷிமானோ எஸ்பிடி-எஸ்எல், லுக் கியோ இரண்டும் இந்தக் குடும்பம்தான். பனிச்சறுக்குப் பூட்டின் யோசனையை லுக் நிறுவனம் 1984-இல் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருடமே பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அந்தப் பெடலில் டூர் டி பிரான்ஸை வென்றார். மூன்று போல்ட் என்பதற்காக எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள், கியோ க்ளீட் எஸ்பிடி-எஸ்எல் பெடலில் மாட்டாது. மிதிக்கும்போது பாதத்துக்கு அகலமான பிடிப்பு கிடைப்பது இவற்றின் பலம். நடைதான் பலவீனம். டைல்ஸ் தரையில் வழுக்கும், நடக்க நடக்கத் தேயும்.

இரண்டு போல்ட் எஸ்பிடி (ஷிமானோவின் இன்னொரு வகை) 1990-இல் மலைச் சைக்கிளுக்காக வந்தது. சின்ன எஃகுத் துண்டு, ரப்பர் அடியின் பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கும், சாதாரணமாக நடக்கலாம். இதிலேயே ரோடு பைக்குக்கென ஒரு பக்கம் மட்டும் மாட்டும் பெடல்கள் உண்டு. ஷிமானோவின் பழைய ஏ520 ஜோடி 315 கிராம், இப்போதைய இஎஸ்600 ஜோடி 279 கிராம். எஸ்பிடி-எஸ்எல் பக்கம் ஆர்எஸ்500 ஜோடி 320, 105 வரிசையின் ஆர்7000 265, அல்டெக்ரா ஆர்8000 248 கிராம். எஸ்பிடி எடுத்தால் எடையில் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை என்பது இந்த எண்களிலேயே தெரியும்.

உங்கள் ஓட்டத்துக்கு என் தேர்வு இஎஸ்600-உம் இரண்டு போல்ட் ஷூவும். லிஃப்ட், படிக்கட்டு, டீக்கடை எல்லாவற்றுக்கும் அதே ஷூ போதும். நாளைக்கே 13 மணி 30 நிமிடக் கெடுவுள்ள 200 கி.மீ. பிரெவே (கெடுவுக்குள் முடிக்கும் நெடுந்தூர ஓட்டம்) ஓட்டினாலும் கன்ட்ரோல்களில், அதாவது வழியிலுள்ள சோதனை இடங்களில், இறங்கி நடக்கத்தான் வேண்டும். ஞாயிறு ஓட்டம் மட்டும், இறங்குவதே இல்லை என்றால் ஆர்7000 வாங்கச் சொல்லியிருப்பேன்.

ஷூவின் விறைப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். எஸ்பிடி க்ளீட் சின்னது. அடி வளைந்தால் பாதத்தில் ஒரே புள்ளியில் எரிச்சல் வரும். கடையில் ஷூவை இரு கையாலும் மடக்கிப் பாருங்கள், க்ளீட் வரும் இடத்தில் வளையவே கூடாது. துளையையும் பாருங்கள். சில ரோடு ஷூக்களில் இரண்டு வகைத் துளையும் இருக்கும், ஆனால் தட்டை அடியில் எஸ்பிடி க்ளீட் மாட்டினால் கூழாங்கல் மேல் நிற்பது போல ஆடும்.

க்ளீட்டின் வகையும் முக்கியம். எஸ்பிடியில் கருப்பு எஸ்எச்51 குதிகாலைத் திருப்பினால் மட்டும் விடும். எஸ்எச்56 பல திசையிலும் விடும். புதிதாகப் பழகுகிறவருக்கு 56 என்று சொல்வார்கள், ரோடு பைக்கில் நான் அதைச் சொல்லமாட்டேன். எழுந்து நின்று இழுத்து மிதிக்கும்போது கால் பிடுங்கிக்கொண்டால், மெதுவாகச் சாய்ந்து விழுவதைவிடப் பெரிய அடி. 51-ஐப் போட்டு ஸ்பிரிங்கைக் கடைசிவரை தளர்த்தி வையுங்கள். எஸ்பிடி-எஸ்எல் எடுத்தால் மஞ்சள் க்ளீட் குதிகாலுக்கு 6 டிகிரி ஆட்டம் தரும், நீலம் 2, சிவப்பு 0. மஞ்சளில் தொடங்குங்கள். ஆட்டமே இல்லாத க்ளீட்டைக் கொஞ்சம் கோணலாக மாட்டினாலும் முட்டிதான் வாங்கிக்கட்டிக்கொள்ளும்.

மாட்டும் முறை. பெடல் அச்சில் எல், ஆர் எழுத்தைப் பாருங்கள். மரை 9/16 அங்குலம். இடது பெடலுக்குத் தலைகீழ் மரை. குழப்பம் வராமல் இருக்க: சாவியின் மேல்முனை முன்சக்கரம் பக்கம் போனால் இறுகும், பின்சக்கரம் பக்கம் போனால் கழலும், இரண்டு பெடலுக்கும் இதே கணக்கு. மரையில் கிரீஸ் தடவி, முதல் நாலைந்து சுற்றை விரலாலேயே போடுங்கள். விரலில் திணறினால் மரை கோணலாக ஏறுகிறது. அப்போது சாவியை வைத்து அழுத்தினால் அலுமினிய கிராங்கின் மரை போய்விடும். கடைசியில் 35 முதல் 55 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும்.

ஷூவைப் போட்டுக்கொண்டு பெருவிரல், சுண்டுவிரல் இரண்டின் அடி மூட்டுகளையும் தொட்டுப் பார்த்து வெளிப்பக்கம் குறி வையுங்கள். பெடல் அச்சு இந்த இரண்டு குறிகளுக்கும் நடுவே வரட்டும். சந்தேகம் வந்தால் க்ளீட்டைப் பின்னால் தள்ளுங்கள், முன்னால் வேண்டாம். க்ளீட் போல்ட் மரையிலும் கிரீஸ் கட்டாயம். மழையும் வியர்வையும் பட்டுத் துருப்பிடித்தால் ஆலன் கீ துளை வழுக்கி, பிறகு துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். இறுக்கம் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். ஷூ அடியும் பெடலும் மாறுவதால் சீட் உயரமும் சில மி.மீ. மாறும், அதையும் சரிபாருங்கள்.

புது ஷூவில் க்ளீட் மாட்டவே மறுத்தால் பெடலைக் குறை சொல்லாதீர்கள். க்ளீட்டின் இருபுறமும் உள்ள ரப்பர் பெடல் உடலில் இடித்துத் தடுக்கும். ரப்பரைப் பிளேடால் ஒரு மி.மீ. செதுக்குங்கள், அல்லது க்ளீட்டுக்கு அடியில் மெல்லிய தகடு கொடுங்கள்.

அதிகம் பேர் அறியாத ஆபத்து, தளர்ந்த க்ளீட் போல்ட். குதிகாலைத் திருப்பினால் ஷூ மட்டும் க்ளீட்டைச் சுற்றித் திரும்பும், க்ளீட் பெடலிலேயே இருக்கும், கால் வராது. அப்படி நேர்ந்தால் இழுத்துப் போராட வேண்டாம். மெதுவாக உருட்டிக்கொண்டே ஷூவின் பட்டையைத் தளர்த்திப் பாதத்தை மட்டும் வெளியே எடுத்து ஊன்றுங்கள். முதல் 50 கி.மீ. ஓடியதும் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிவிட்டால் இந்த நிலையே பெரும்பாலும் வராது. சாவியை நுழைக்கும் முன் போல்ட் தலையில் அடைந்திருக்கும் மண்ணை ஊசியால் கிளறி எடுங்கள்.

சாலைக்குப் போகும் முன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் ஐம்பது முறை மாட்டிக் கழற்றுங்கள். சிக்னலில் இடது காலைக் கழற்றி ஊன்றுங்கள், நம் ஊரில் ஓரம் அந்தப் பக்கம்தான். நின்ற பிறகு கழற்றாதீர்கள், நிற்பதற்குப் பத்து மீட்டர் முன்பே கழற்றிவிடுங்கள். கிளம்பும்போது வலது காலால் ஒரு மிதி மிதித்தால் இடது பெடல் மேலே வரும். மாட்டவில்லையென்றால் உள்ளங்காலை அதன்மேல் வைத்து அரைச் சுற்று மிதித்து, வேகம் வந்ததும் மாட்டுங்கள். எஸ்பிடி-எஸ்எல் பெடலின் முதுகில் (க்ளீட் மாட்டாத பக்கத்தில்) மட்டும் அழுத்தி மிதிக்க வேண்டாம், வழவழப்பானது, கால் சறுக்கும்.