வைர டிடெக்டர், வைரத் தோடு, வைர ஸ்டிக்கர்: வாசகர் கேள்வி-பதில்

கும்பகோணம், இல்லத்தரசி: மகளுக்கு லேப் வைரத் தோடு வாங்கினோம். இதே வைரத்தில் கதிர்வீச்சு டிடெக்டர் செய்கிறார்களாமே, காதில் போட்டால் ஆபத்தா?

இல்லை. போடட்டும். பில்லில் 'லேப் க்ரோன்' என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கடைக்காரர் வைத்துக் காட்டும் பேனா டெஸ்டர் வெப்பக் கடத்தலைத்தான் பார்க்கிறது. சுரங்க வைரம், லேப் வைரம் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் பீப் அடிக்கும்.

தஞ்சாவூர், ஆய்வு மாணவர்: டிடெக்டர் செய்வதற்காக வெளிமாநில வியாபாரி ஒருவரிடம் 'டிடெக்டர் கிரேடு' சிவிடி (வாயுவிலிருந்து படியவைத்து வளர்த்த) வைரத் தகடு வாங்கினேன், பில் என் பெயரில். இரு பக்கமும் தங்கப் பூச்சு போட்டு மின்னழுத்தம் கொடுத்தால், எதிர்பார்த்த சிக்னலில் பாதிகூட வரவில்லை. "வைரம் வைரம்தானே தம்பி" என்கிறார். பணம் திரும்புமா?

நீங்கள் அனுப்பிய பில் நகலில் 'சிவிடி டைமண்ட், 1 பீஸ்' என்பதற்கு மேல் ஓர் எழுத்து இல்லை. கத்தரிக்காய்க்குக்கூட எடை போட்டு எழுதுகிறார்கள். இந்த 'கிரேடு' வியாபாரத்தின் மேல் எனக்குப் பழைய கடுப்பு உண்டு. என் வீட்டில் 'மரைன் கிரேடு' ப்ளைவுட் அலமாரி ஒன்று நிற்கிறது. ஐப்பசி மழைக்கு உப்பிய கதவு இன்றுவரை மூடவில்லை. கிரேடு என்று சொல்பவர் பக்கத்திலேயே ஓர் எண்ணும் எழுதித் தரவேண்டும்.

உங்கள் சரக்கில் அந்த எண் நைட்ரஜன் அளவு. கொஞ்சம் மீத்தேனையும் நிறைய ஹைட்ரஜனையும் மைக்ரோவேவில் பிளாஸ்மாவாக்கி, 800 டிகிரி வாக்கில் சூடான தட்டின்மேல் கார்பனைப் படியவைக்கிறார்கள். நகைக்கும் டிடெக்டருக்கும் முறை இதேதான். கதிர் பாயும்போது அது வைரத்தில் விடும் ஆற்றலில் சுமார் 13 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு ஒரு எலக்ட்ரான்-துளை ஜோடி (எலக்ட்ரானும் அது விட்டுப்போன காலியிடமும்) உண்டாகும். அவை இரு பக்க முனைகளை நோக்கி எவ்வளவு தூரம் ஓடுகின்றனவோ அவ்வளவுதான் சிக்னல். வழியில் நைட்ரஜன் அணு இருந்தால் பிடித்து வைத்துக்கொள்ளும். தோட்டில் அது யாருக்கும் தெரியாது, டிடெக்டரில் உடனே தெரிந்துவிடும். நல்ல டிடெக்டர் ரக ஒற்றைப் படிகத்துக்கு, 100 கோடி அணுக்களில் 5 நைட்ரஜன்கூட இல்லை என்று தாளில் எழுதியே விற்கிறார்கள்.

உங்களுடையது பல்படிகத் தகடு (பல சிறு படிகங்கள் சேர்ந்து வளர்ந்தது) என்றால் இன்னொரு கேள்வி கேளுங்கள்: அடிப்பக்கத்தைத் தேய்த்து எடுத்தார்களா? வளர்ப்புத் தட்டான சிலிக்கானை ஒட்டி வளரும் அந்தப் பக்கத்தில் படிகங்கள் மிகப் பொடியாக இருக்கும், மேலே போகப் போகத்தான் பெரிதாகும். பொடி அடுக்கில் மின்சுமை மாட்டிக்கொள்ளும். பல்படிகம் என்றாலே மட்டம் என்று நினைக்கவும் வேண்டாம். ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னின் மோதுவளையத்தில் துகள் கற்றையைக் கண்காணிக்க அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

சண்டைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை. ஸ்ட்ரான்ஷியம்-90 என்ற கதிர்வீச்சு மூலத்தின் கீழ் சில மணி நேரம் வைத்து, பிறகு அளந்தீர்களா? மின்சுமையைப் பிடித்துவைக்கும் இடங்கள் நிரம்பிய பிறகு சிக்னல் ஏறுவது இந்தத் தகடுகளின் சுபாவம். அப்படியும் ஏறாவிட்டால், 'டிடெக்டர் கிரேடு' என்று அவர் அனுப்பிய வாட்ஸப் செய்தியைப் பத்திரப்படுத்தி நோட்டீஸ் விடுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போகவேண்டும். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

நாகப்பட்டினம், மீன்வலை வியாபாரி: 'டைமண்ட் சென்சார்' என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆன்லைனில் கதிர்வீச்சு மீட்டர் வாங்கினேன். வீட்டில் 0.15, பெரிய கோயில் பிரகாரத்தில் 0.25 காட்டுகிறது. பயமாக இருக்கிறது.

பயம் வேண்டாம். மணிக்கு 0.15 மைக்ரோசீவர்ட் என்றால் ஆண்டுக்கு 1.3 மில்லிசீவர்ட். மூச்சில் போகும் ரேடானையும் சேர்த்து இயற்கையிலேயே கிடைக்கும் உலக சராசரி 2.4. கருங்கல்லில் யுரேனியமும் தோரியமும் இம்மியளவு உண்டு, கோயிலில் கூடுதலாகக் காட்டத்தான் செய்யும். ஆனால் நீங்கள் பின்மூடியைக் கழற்றி எடுத்த படத்தில் இருப்பது கண்ணாடிக் குழாய். கெய்கர் குழாய், உள்ளே வாயு. வைரம் ஒரு துளியும் இல்லை. அளவு ஓரளவு சரியாகவே இருக்கலாம், விளம்பரம் பொய். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டுப் புகார் செய்யுங்கள்.

மன்னார்குடி, மருமகள்: மாமனார் தோப்பை அடகு வைத்து 6 லட்சம் கொடுத்தார். 'விஞ்ஞானிகள்' வெள்ளி நிற உடையில் வந்து, வைர டிடெக்டர் என்று ஒரு பெட்டியைக் காட்டி, கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அது அரிசியை இழுக்கும் என்றார்கள். சோதனைக்கு இன்னும் 2 லட்சம் கேட்கிறார்கள்.

அம்மா, இனி ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். இயற்கை இரிடியத்துக்குக் கதிர்வீச்சே கிடையாது. கதிர்வீசும் இரிடியம்-192 அணு உலையில் செய்யப்படுவது, அதுவும் சில மாதங்களில் பாதியாகக் கரைந்துவிடும். பழைய செம்பில் அது இருக்க வழியில்லை. அரிசியை இழுப்பதும் சுத்தப் புருடா. இது நுகர்வோர் வழக்கு இல்லை, மோசடி. வங்கி வழியாகப் போன பணத்துக்கு இன்றே சைபர் குற்ற உதவி எண் 1930, ரொக்கத்துக்கு மாவட்டக் குற்றப்பிரிவு. செய்திகள், போன் எண்கள் எதையும் அழிக்காதீர்கள். மாமனாரை யாரும் ஏசவேண்டாம். பேங்க் மேனேஜர்களே இதில் விழுந்ததுண்டு.

திருவாரூர், ஓய்வுபெற்ற ஆசிரியை: கணவருக்குக் கதிரியக்க சிகிச்சை நடக்கிறது. வைர டிடெக்டர் உள்ள ஆஸ்பத்திரிதான் நல்லது, மாறிவிடு என்கிறார் உறவினர்.

மாறாதீர்கள் டீச்சர். நடுவில் நிற்கும் சிகிச்சைதான் கெடுதல். இயந்திரம் கொடுக்கும் அளவைப் பெரும்பாலும் அயனிக் கலத்தால்தான் (காற்று நிரம்பிய ஒரு கதிர்வீச்சு அளவி) சரிபார்க்கிறார்கள். மிகச் சிறிய இடத்தில் கதிர் பாய்ச்சும்போது வைரம் கைகொடுக்கும். அளவில் சிறியது, கார்பனின் அணு எண் 6, நம் உடல் திசுவுக்குப் பக்கம். மருத்துவ இயற்பியலாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். அது போதும்.

மயிலாடுதுறை, வாசகர்: துலா உற்சவக் கடையில், செயற்கை வைரப் படலம் போன் கதிர்வீச்சை உறிஞ்சும் என்று சொல்லி ஸ்டிக்கர் விற்றார்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒன்று வாங்கினேன். வழக்குப் போடலாமா?

போன் அலைக்கு வைரத்தில் ஒரு எலக்ட்ரானைக் கழற்றிவிடும் வலுகூட இல்லை. நிஜமாகவே உறிஞ்சினால் உங்கள் போனில் டவரே வராதே! சரி, கடைப் பெயர் தெரியாது, பில் கிடையாது, அட்டையையும் கிழித்துப் போட்டாயிற்று என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். யார்மேல் போட?