பட்டறைப் பதில்கள்: படுகையில் அரத்தாள் வேண்டாம்

கேள்வி: காலமான என் மாமாவின் ‘மைபோர்ட் எம்.எல். 7’ கடைசல் இயந்திரம் என்னிடம் வந்திருக்கிறது. பத்து வருடம் தகரக் கொட்டிலில் கிடந்ததால் படுகை (மற்றப் பாகங்கள் வழுக்கி நகரும் நீண்ட இரும்புத் தளம்) முழுவதும் கறள். அரத்தாளால் தேய்த்து, வர்ணம் அடித்து ஓடவிடலாமா? (வாசகர், களுவாஞ்சிக்குடி)

பதில்: தம்பி, முதலில் அந்த அரத்தாளைக் கீழே வையுங்கள். எம்.எல். 7 இங்கிலாந்தில் நொட்டிங்ஹாமுக்குப் பக்கத்து பீஸ்டனில் செய்த இயந்திரம். 1946 இல் வெளிவந்தது. உருவத்தில் சிறியது, படுகையிலிருந்து சுழல் தண்டின் மையம் வரை மூன்றரை அங்குலந்தான். அதன் உயிர் முழுவதும் அந்தப் படுகையின் மட்டத்தில் இருக்கிறது. அரத்தாள் கறளோடு நிற்காது. கை அழுத்திய இடத்தில் இரும்பையும் தின்னும். அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு பள்ளம் விழுந்தாலும் நீங்கள் கடையும் தண்டு அதைக் காட்டிக்கொடுக்கும். உதிர்ந்த மணல் இடுக்குகளில் தங்கி, நீங்கள் தேய்த்து முடித்த பிறகும் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

மண்ணெண்ணெயும் எஞ்சின் ஒயிலும் சரிபாதி கலந்து ஊற்றி ஓர் இரவு விடுங்கள். காலையில் சவர பிளேட் ஒன்றைப் படுகையோடு படுக்கவைத்தாற்போலப் பிடித்து மெதுவாகத் தள்ளுங்கள். கறள் செம்மண் குழம்புபோலச் சுருண்டு வரும். துடையுங்கள், மறுபடி ஊற்றுங்கள். கல்லடியில் என் இயந்திரத்துக்கு நான்கு நாள் பிடித்தது. நான்காம் நாள் பின்னேரம் விளக்கைச் சரித்துப் பிடித்தபோது, ஆலையில் சாணை பிடித்த நுண்கோடுகள் மயிரிழைகளாகத் தெரிந்தன. அவற்றைக் கண்டதும் கையை எடுத்துவிட்டேன். கறள் தின்ற சிறு குழிகள் மிஞ்சினால் மிஞ்சட்டும், அவை எண்ணெயைப் பிடித்துவைக்கும்.

கைப்பிடி, பற்சக்கரம் போன்ற இரும்புப் பாகங்களுக்குச் சலவைச் சோடா போதும். நான்கு லீட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி. பாகத்தையும் ஒரு பழைய இரும்புத் துண்டையும் அந்தக் கரைசலில் அமிழ்த்தி, 12 வோல்ட் பற்றரி சார்ஜரின் மறை முனையைப் பாகத்திலும், நேர் முனையை இரும்புத் துண்டிலும் கொடுங்கள்; மின்சாரம் கறளைக் கழற்றும். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இரும்புத் துண்டுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகை வைத்துவிடாதீர்கள், நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஐதரசன் வாயு கிளம்புவதால் திறந்த வெளியில் செய்யுங்கள். அலுமினியப் பாகத்தைச் சோடா அரித்துவிடும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே குடியிருக்கிற நமக்குக் கறளுக்குள் உப்பும் இருக்கும்; ஆகவே எடுத்த பாகத்தைச் சுடுநீரில் கழுவி, ஈரம் காய்ந்த கையோடு எண்ணெய் பூசுங்கள்.

சுழல் தண்டின் பெயரிங் மூடிகளைக் கழற்றும்போது கவனம். உள்ளே, தண்டு சுழலும் இடத்தில், வெண்ணுலோகம் என்ற மென்மையான உலோகக் கலவையால் ஆன தாங்கி. மூடிக்கடியில் ஏடு ஏடாக உரியும் மெல்லிய தகடுகள். ஒவ்வொரு தகட்டையும் அது இருந்த பக்கத்தின் பெயரெழுதி வேறுவேறு உறையில் போடுங்கள். நான் அவற்றை ஒரே தகரப் பேணியில் போட்டேன். இடம் மாறிப் பூட்டியதில் தண்டு இறுகிச் சூடேறி, வெண்ணுலோகத்தில் கீறல் விழுந்தது. அந்தக் கீறல் இன்றும் இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. எண்ணெயும் மெல்லியதாக, ஐ.எஸ்.ஓ. 32 தரத்தில் இருக்கட்டும். கியர் ஒயில் அந்தச் சிறு இடைவெளிக்குள் ஓடாது.

வர்ணம் கடைசி வேலை. பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். நனைத்துச் சுரண்டுங்கள், தூளைப் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் விடாதீர்கள்.

கேள்வி: தாத்தாவின் பழைய ஆங்கிலேயக் கடைசல் இயந்திரத்தைக் கழற்றுகிறேன். 13 ஆம் நம்பர் சாவி ஏறவில்லை, 14 வழுக்குகிறது. இரண்டு நட்டுகளின் மூலை மழுங்கிவிட்டது. என்ன செய்வது? (வாசகி, காரைதீவு)

பதில்: மகள், இனி அந்தச் சாவிகளை அதில் வைக்காதீர்கள். அது விற்வேர்த் அளவு. ஆங்கிலேயப் பொறியியலாளர் ஜோசப் விற்வேர்த் 1841 இல் முன்வைத்த திருகுப் புரி முறை அது. புரியின் கோணம் 55 பாகை, நாம் இன்று வாங்கும் மில்லிமீற்றர் போல்ட்டில் 60. ஆகவே புரி ஏறுவதுபோல் தோன்றினாலும் புதிய போல்ட்டைத் திணிக்கக்கூடாது. கால் அங்குல விற்வேர்த் நட்டின் அகலம் ஏறத்தாழ 13.3 மில்லிமீற்றர். 13 ஏறாததும் 14 வழுக்கியதும் அதனால்தான். விற்வேர்த் சாவியில் பொறித்திருக்கும் எண் போல்ட்டின் விட்டத்தைச் சொல்வது, நட்டின் அகலத்தை அல்ல. வாங்கும்போது நட் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். பழைய இரும்புக் கடைகளிலும் பழைய டிராக்டர் திருத்துபவர்களிடமும் கேளுங்கள். மழுங்கிய நட்டின் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டை அரத்தால் தட்டையாக்கி, குறட்டால் இறுக்கிப் பிடித்துத் திருப்புங்கள். தாத்தாவின் இயந்திரத்தை நீங்கள் கையிலெடுத்தது எனக்குப் பெரிய சந்தோசம். ஓடத் தொடங்கியதும் எழுதுங்கள்.

கேள்வி: மாரி வருகிறது. இயந்திரத்தைப் பொலித்தீனால் இறுகக் கட்டலாமா? (வாசகர், ஓட்டமாவடி)

பதில்: கட்டாதீர்கள். இரவில் குளிரும்போது உள்ளே வியர்த்து, அந்த நீர் இரும்பிலேயே இறங்கும். கிறீஸ் பூசி, பழைய பருத்திச் சாரத்தால் போர்த்துங்கள். ஓடு ஒழுகினால் பொலித்தீனை மேலே கூரைபோல உயர்த்திக் கட்டுங்கள். வெள்ளம் ஏறும் வளவென்றால், ஐப்பசியிலேயே மோட்டரைக் கழற்றிப் பரணில் ஏற்றிவிடுங்கள். மற்றவை நனைந்தாலும் துடைத்தெடுக்கலாம்.