மத்தியானத்தில் மக்கர் பண்ணும் மோட்டார் ரிமோட்: சப்ஸ்ட்ரேட்டை மாற்றினால் சரியாகுமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு மோட்டார்களுக்கு ரிமோட் அசெம்பிள் செய்து கொடுக்கிறேன். அலைவரிசையைப் பிடித்து நிறுத்த 433.92 மெகாஹெர்ட்ஸ் ஸா (SAW) ரெசோனேட்டர்தான் போடுகிறேன். தூரம் கூடுதலாகக் கிடைக்க, ரிசீவரை 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் வரும் சிக்னலை மட்டும் கேட்கும் சூப்பர்ஹெட் போர்டுக்கு மாற்றினேன். ஏப்ரலிலிருந்து பத்து ரிமோட்டில் இரண்டு மூன்று மத்தியானத்தில் வேலை செய்வதில்லை. சாயங்காலம் தானாகச் சரியாகிவிடுகிறது. ஓசூரில் ஒரு ஏஜென்ட், “குவார்ட்ஸ் பழசு, லித்தியம் நியோபேட் சப்ஸ்ட்ரேட்டுக்கு மாறுங்க, பெர்ஃபாமென்ஸ் பல மடங்கு” என்கிறார். விலை எட்டு மடங்கு. வாங்கலாமா ஐயா?

பதில்: வாங்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் இன்றைக்கே திரும்பக் கேளுங்கள். அதை வாங்கிப் போட்டால் இப்போது மூன்றில் இருக்கும் கோளாறு பத்திலும் வரும்.

உங்கள் ரெசோனேட்டர் டப்பாவுக்குள் ஒரு படிகச் சில்லு இருக்கிறது. அதைத்தான் சப்ஸ்ட்ரேட் என்கிறார்கள். அதன் மேல் மெல்லிய அலுமினியக் கோடுகள். மின்சாரம் பட்டதும் சில்லின் மேல்தோலில் ஓர் ஒலியலை ஓடும். 433.92 மெகாஹெர்ட்ஸில் குவார்ட்ஸ் மேல் அந்த அலையின் நீளம் சுமார் 7.3 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அலையின் சக்தி ஏறக்குறைய அந்த ஆழத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அலை எவ்வளவு வேகமாக ஓடுகிறது, சூடானால் அந்த வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதையெல்லாம் சில்லு எந்தப் படிகம், அதை எந்தக் கோணத்தில் அறுத்தார்கள் என்பதுதான் முடிவு செய்கிறது. சப்ஸ்ட்ரேட் டிசைன் என்று பெரிய பெயரில் சொல்வதில் முக்கால்வாசி இதுதான்.

ஏஜென்ட் சொன்ன ‘பல மடங்கு’ முழுப் பொய் இல்லை, அதனால்தான் ஆபத்து. மின்சாரத்தை அலையாக மாற்றும் திறனில் 128 டிகிரி வெட்டு லித்தியம் நியோபேட், குவார்ட்ஸைவிட ஏறக்குறைய 50 மடங்கு வலுவானது. அகலமான பில்டர், அதாவது அலைவரிசை வடிகட்டி, செய்கிறவருக்கு அது வரம். உங்களுக்கு வேண்டியது அலைவரிசை நகராமல் நிற்பது. அந்த விஷயத்தில் லித்தியம் நியோபேட் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 75 பங்கு நகரும். 25 டிகிரியில் சரியாக இருக்கும் ரிமோட், வெயிலில் நிற்கும் பைக் பெட்டிக்குள் 65 டிகிரிக்குச் சூடானால் 1.3 மெகாஹெர்ட்ஸ் கீழே போய்விடும். உங்கள் ரிசீவரை மட்டுமல்ல, உரிமம் இல்லாமல் நமக்கு அனுமதித்திருக்கும் 433–434 மெகாஹெர்ட்ஸ் எல்லையையே தாண்டிவிடும்.

அதே சூட்டில், இந்த ரெசோனேட்டர்களில் வழக்கமாக வரும் எஸ்.டி. வெட்டு குவார்ட்ஸ் 22 கிலோஹெர்ட்ஸ்தான் நகரும். அப்படியானால் மூன்று ரிமோட் ஏன் படுக்கிறது? குவார்ட்ஸின் நகர்வு கவிழ்த்து வைத்த உரல் மாதிரி. உச்சி 25 டிகிரி பக்கத்தில் இருக்கும். சூடானாலும் இறங்கும், குளிர்ந்தாலும் இறங்கும், ஏறவே ஏறாது. கடையில் விற்கும் ரெசோனேட்டர் கூட்டல் கழித்தல் 75 கிலோஹெர்ட்ஸ் என்ற கணக்கில் வரும். பிறக்கும்போதே 75 கீழே இருந்த சில்லு, மத்தியானம் இன்னும் 22 இறங்கினால் 97. உங்கள் ரிசீவரின் விளிம்பு, 200-ல் பாதி, 100. போர்டில் சுற்றியுள்ள கெபாசிட்டர் கொஞ்சம் இழுத்தால் போதும், வெளியே விழுந்துவிடும். மேலே பிறந்த சில்லுகள் தப்பித்துக்கொள்ளும். உங்கள் பத்தில் மூன்று கணக்கு இதனோடு பொருந்துகிறது.

இனி இடைத்தரகர் விஷயம். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. ஒரு முறை எனக்கு ‘75’ என்று எழுதி வந்த லாட்டில் இருபது பீஸ் எடுத்து அளந்தேன். 433.92க்குப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம், சில 130 வரைக்கும். நடுவில் இருந்த நல்லதையெல்லாம் யாரோ பொறுக்கி வேறு ஆளுக்கு விற்றுவிட்டு, மிச்சத்தை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். டப்பா மேல் அச்சு கச்சிதமாகத்தான் இருந்தது. அச்சை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். ஏஜென்ட்டிடம் இரண்டே எண் கேளுங்கள்: உச்சி வெப்பநிலை எவ்வளவு, அங்கிருந்து விலகினால் எவ்வளவு இறங்கும். குவார்ட்ஸ் என்றால் இரண்டாவது எண் 0.032 என்று டேட்டாஷீட்டிலேயே இருக்கும். விலகிய டிகிரியின் வர்க்கத்தை அதால் பெருக்கினால், பத்து லட்சத்தில் எத்தனை பங்கு இறங்கும் என்று தெரியும். ‘மல்ட்டிலேயர் சப்ஸ்ட்ரேட்’ என்று அடுத்த கதையை எடுத்தாலும் கேட்காதீர்கள். சிலிக்கான் மேல் ஆக்சைடு, அதன் மேல் மெல்லிய லித்தியம் டேன்டலேட் படிகம் என்று அடுக்கி, அலை கீழே கசியாமல் தடுக்கும் அருமையான வேலை அது. செல்போன் பில்டருக்கானது, உங்கள் ரிமோட்டுக்கு அல்ல.

சப்ஸ்ட்ரேட்டில் உங்களுக்குப் பயன்படும் மாற்றம் ஒன்று உண்டு. குவார்ட்ஸை அறுக்கும் கோணத்தைச் சற்று மாற்றினால் உரலின் உச்சி நகரும். உச்சி 40 டிகிரியில் இருக்கிற சில்லு வாங்கினால், 65 டிகிரி மத்தியானத்திலும் 15 டிகிரி மார்கழி விடியலிலும் 9 கிலோஹெர்ட்ஸுக்குள் நிற்கும்.

லித்தியம் நியோபேட் உங்களுக்குச் சரியாக வரும் இடம் ஒன்றுதான்: பேட்டரியே இல்லாத வெப்ப சென்சார். நாளைக்கே பம்ப் பேரிங் சூட்டைத் தூரத்திலிருந்து அளக்க ஆசை வரலாம், அதனால் சொல்கிறேன். அலை அதில் ஒரு மைக்ரோ விநாடிக்கு 4 மில்லிமீட்டர் ஓடும். இரண்டு மில்லிமீட்டர் தள்ளி ஒரு பிரதிபலிப்பான் வைத்தால் எதிரொலி ஒரு மைக்ரோ விநாடி கழித்து வரும். அதற்குள் சுவர், ஷெட் தகரத்தில் பட்டுத் திரும்பும் ரேடியோ எதிரொலிகள் அடங்கிவிடும். அலையாக மாறி மறுபடி மின்சாரமாகத் திரும்பும் இருவழிப் பயணம் என்பதால் அங்கே அந்த வலு வேண்டும். சூட்டில் நகர்வதும் அங்கே குறையல்ல, நாம் அளப்பதே அதைத்தான். ஆனால் அந்தச் சில்லை நீங்களே சாலிடர் வைத்துச் சூடாக்கினால் மெதுவாக ஏற்றுங்கள். சூடு மாறினால் அதன் முகங்களில் மின்னூட்டம் சேரும், பட்டென்று பொறி பறந்து சில்லு விரிசல் விட்டே போகும்.

அளப்பதற்கு வழி? வெப்ப அறையும் அலைவரிசை அளக்கும் அனலைசரும் எத்தனையோ கல்லூரிகளில் உறை பிரிக்காமல் பூட்டிக் கிடக்கின்றன. சிறு தொழில் செய்கிறவன் ஒரு நாள் கேட்டால் லெட்டர் மேல் லெட்டர். நான் அலைந்து கைவிட்டவன். மக்கள் பணத்தில் வாங்கிய கருவி மக்களுக்கு உதவாமல் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நீங்கள் லேப்டாப்பில் செருகும் எஸ்.டி.ஆர். டாங்கிள் (ரேடியோ சிக்னலைத் திரையில் காட்டும் சிறு ரிசீவர்) ஒன்று வாங்குங்கள், சூட்டில் அவ்வளவாக நகராத டி.சி.எக்ஸ்.ஓ. ஆஸிலேட்டர் உள்ளதாக. அரை மணி நேரம் நிழலில் ஓடவிட்டு, பத்து ரிமோட்டையும் காலையில் ஒரு முறை, பைக் பெட்டியில் காய்ந்த பிறகு ஒரு முறை அளந்து எழுதுங்கள். காலையிலேயே 433.92-க்கு 50 கிலோஹெர்ட்ஸுக்கும் அதிகமாகக் கீழே இருப்பவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். அவற்றில் ரெசோனேட்டரை மட்டும் மாற்றினால் போதும், போர்டைத் தொட வேண்டாம்.