அரங்குக்கு வந்ததும் காதைக் குத்தும் பியானோ: வாங்கலாமா?

கேள்வி: எங்கள் கச்சேரி அரங்குக்குப் பழைய கிராண்ட் பியானோ ஒன்று, 274 செ.மீ. நீளம், பார்த்திருக்கிறோம். கடையில் கணீரென்று இருந்தது. சோதித்துப் பார்க்க அரங்குக்குக் கொண்டுவந்தால் மேல்ஸ்தாயி காதைக் குத்துகிறது. 'வாய்சிங் செய்தால் சரியாகிவிடும்' என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: நம்பலாம். வாய்சிங் என்பது கம்பியை அடிக்கும் சிறு சுத்திகளின் (ஹாமர்) மேலுள்ள ஃபெல்ட்டை, அதாவது அழுத்திய கம்பளியை, தேய்த்தும் ஊசியால் குத்தியும் ஒலியைச் சீராக்கும் வேலை. ஆனால் அது உங்கள் அரங்கில்தான் நடக்க வேண்டும். அதன் செலவும் விலைக்குள் அடங்க வேண்டும். இரண்டையும் எழுதி வாங்கிவிடுங்கள்.

பணம் கொடுக்கும் முன் டெக்னீஷியனிடம் ஆக்‌ஷனை, அதாவது கட்டைகளும் ஹாமர்களும் சேர்ந்த உள் இயந்திரத்தை, வெளியே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஹாமர்களின் நுனியில் கம்பிகள் பதிந்த தடம் ஆழமாக இருந்தால், குத்தும் ஒலிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். உப்புத்தாள் கொண்டு தேய்த்து உருவத்தைச் சீராக்கலாம். தேய்த்தபின் போதிய ஃபெல்ட் மிஞ்சாது என்றால் புது ஹாமர்தான் வழி. அது பெரிய செலவு, விலையை இப்போதே பேசுங்கள். ஹாமர் ஒரு ஸ்வரத்துக்குரிய மூன்று கம்பிகளையும் ஒரே கணத்தில் தொடாவிட்டாலும் ஒலி கெடும். அதனால் ரெகுலேஷன் (ஆக்‌ஷனின் அசைவைச் சீராக்குவது), ட்யூனிங் (சுருதி சேர்ப்பது) முடிந்த பிறகே ஊசி.

ஊசி வேலை நிதானமாக நடக்க வேண்டியது. இறுக்கி ஒட்டிய ஃபெல்ட்டின் தோள்பகுதியில், கடிகாரத்தில் பத்து மணியும் இரண்டு மணியும் இருக்கும் இடங்களில், ஊசியை இறக்கினால் இறுக்கம் தளர்ந்து ஒலி மென்மையாகும். கம்பியைத் தொடும் நுனியில் ஆழமாகக் குத்தக் கூடாது. நாலைந்து குத்து, ஆக்‌ஷனை உள்ளே தள்ளி வாசித்துக் கேட்பது, மறுபடி குத்துவது என்றுதான் போக வேண்டும். அளவு மீறினால் ஒலி செத்துவிடும். மருந்து ஊற்றி ஃபெல்ட்டை மறுபடி கெட்டியாக்கலாம்தான், ஆனால் பழைய நாதம் அப்படியே திரும்பாது. 'ஒரே மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன்' என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, காலி அரங்கில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். ஆட்களும் உடைகளும் மேல்ஸ்தாயியை நிறையவே உறிஞ்சும். காலியாக இருக்கும்போது சற்றுப் பளிச்சென்றே விட்டுவைப்பது நல்லது. ஒருவர் வாசிக்க, நீங்கள் நடு வரிசையிலும் கடைசி வரிசையிலும் உட்கார்ந்து கேளுங்கள். அதற்கும் முன்னால் பியானோவைச் சற்று நகர்த்திப் பாருங்கள், அடியில் கம்பளம் விரித்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் கம்பளத்தை எடுத்துவிடலாம், ஊசியால் குத்தியதை அப்படி மாற்ற முடியாது.

இடது பெடலை மிதித்தால் ஃபெல்ட்டின் வேறு பகுதி கம்பியில் படும். அந்த ஒலியையும் தனியாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

வாசிக்க வாசிக்க ஃபெல்ட் மறுபடி இறுகும். சில மாதம் கழித்து இன்னொரு முறை வந்து பார்ப்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்து, கடைசித் தவணையை அதன்பின் தருவதாகப் பேசுங்கள்.