பேராசிரியருக்கு எப்போது எழுதுவது? ஒரு அம்மாவின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் எம்.எஸ்சி. வேதியியல் கடைசி வருடத்துக்கு வந்துவிட்டார். கோடையில் இந்திய அறிவியல் அகாடமிகளின் ஆய்வு உதவித்தொகை கிடைத்து, இரண்டு மாதம் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அடுத்த வருடம் வெளிநாட்டில் பிஎச்.டி. சேர ஆசை. "இவளுடைய தோழி ஒரே ராத்திரியில் எண்பது பேராசிரியர்களுக்கு மெயில் போட்டுவிட்டாள். இவள் இன்னும் ஒருத்தருக்குக்கூடப் போடவில்லை. பிந்திவிட்டாளா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிந்தவில்லை அம்மா. ஜூலை மாதம்தான் முடியப் போகிறது. அந்த எண்பது மெயிலை நினைத்து நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பெயரை மட்டும் மாற்றி அனுப்பிய மெயிலை ஒரு பேராசிரியர் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்டவை அவருக்குத் தினமும் வருகின்றன.

எந்த மாதம் எழுதுவது என்று பார்ப்பதற்கு முன்னால் வேறொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நாட்டில், அந்தத் துறையில், ஒரு மாணவரைச் சேர்ப்பது யார்? பேராசிரியரா, துறையின் குழுவா, வேலை விளம்பரமா? இது தெரிந்தால் எப்போது எழுதுவது என்பது தானாகத் தெரிந்துவிடும். தெரியாமல் எழுதினால், சரியான ஆளிடம் தவறான நேரத்தில் போய் நிற்போம்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம், உங்கள் மகளின் பட்டியலில் அதுதான் முதலில் இருக்கிறது. அங்கே வேதியியல் துறைகளில் பெரும்பாலும் ஒரு குழு உட்கார்ந்து எல்லா விண்ணப்பங்களையும் படித்து ஆட்களை எடுக்கிறது. சேர்ந்த பிறகு முதல் செமஸ்டரில் பல பேராசிரியர்களைச் சந்தித்துப் பேசி, அதன் பிறகுதான் யாருடைய குழுவில் சேர்வது என்று முடிவாகும். அதனால் முன்கூட்டியே ஒரு பேராசிரியருக்கு எழுதியதால் இடம் கிடைத்துவிடும் என்று நம்ப வேண்டாம். எழுதாததால் இடம் போய்விடும் என்றும் பயப்பட வேண்டாம்.

அப்படியென்றால் எழுதுவதே வீணா? இல்லை. விண்ணப்பக் கட்டுரையில் யார் யாருடன் வேலை செய்ய விருப்பம் என்று இரண்டு மூன்று பெயர்களைக் குறிப்பிட வேண்டியிருக்கும். அவர்கள் அடுத்த வருடம் புது மாணவர்களை எடுக்கிறார்களா, வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகிறார்களா, ஓய்வு பெறப் போகிறார்களா என்பது இணையப் பக்கத்தில் இருக்காது. ஒரு விண்ணப்பத்துக்கே 75 முதல் 100 டாலர் வரை கட்டணம் கேட்கிற இடங்கள் நிறைய. மூன்று பேரில் இரண்டு பேர் ஆள் எடுக்கவில்லை என்று முன்பே தெரிந்தால் அந்தப் பணம் மிச்சம். கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர் 1-க்கும் 15-க்கும் நடுவில் வரும். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை எழுதுவது சரியாக இருக்கும். ஜூன், ஜூலையில் கேட்டால் அடுத்த வருடம் எத்தனை பேரை எடுக்க முடியும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. நவம்பர் கடைசியில் கேட்டால் பதில் வருவதற்குள் தேதி முடிந்துவிடும். "விண்ணப்பிக்கும் முன் ஆசிரியர்களுக்கு எழுத வேண்டாம்" என்று துறையின் பக்கத்திலேயே போட்டிருந்தால் எழுதவே கூடாது.

அங்கே எழுதுவதற்கு இன்னொரு நல்ல காலமும் இருக்கிறது, அதைப் பலர் தவறவிடுகிறார்கள். பிப்ரவரி, மார்ச்சில் இடம் கிடைத்த பிறகு எழுதுவது. அப்போது உங்கள் மகள் அவர்கள் தேர்ந்தெடுத்த மாணவி. உதவித்தொகையோடு இடம் கொடுத்தால் ஏற்பதா வேண்டாமா என்று முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை நேரம் தருவது அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒத்துக்கொண்ட வழக்கம். அந்த வாரங்களில் கேட்கிற கேள்விகளுக்கு மனம்விட்டுப் பதில் வரும்.

உங்கள் பக்கத்து வீட்டுப் பையன் பொறியியல் படிப்பதாகச் சொன்னீர்கள். அவருக்கு இதை அப்படியே சொல்லிவிடாதீர்கள். பொறியியலில் பல இடங்களில் பேராசிரியர் தன் ஆய்வு நிதியிலிருந்து மாணவருக்குச் சம்பளம் கொடுக்கிறார். அங்கே அவருடைய விருப்பத்துக்கு எடை அதிகம், முன்பே பேசியிருப்பது உண்மையிலேயே உதவும்.

பிரிட்டன் அமெரிக்க வேதியியல் துறைகளுக்கு நேர்மாறு. அங்கே பல துறைகளில், ஆய்வை வழிநடத்தப்போகிற பேராசிரியர், அதாவது மேற்பார்வையாளர் ஒருவர், ஆர்வம் காட்டாமல் விண்ணப்பம் நகராது. அக்டோபரில் படிப்பு தொடங்கும். அதற்கான முக்கிய உதவித்தொகைகளின் கதவு, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற இடங்களில், முந்தைய டிசம்பரிலோ ஜனவரியிலோ மூடிவிடும். அந்நாட்டு அரசின் ஆய்வு நிதி 2021 முதல் வெளிநாட்டு மாணவர்களுக்கும் திறந்திருக்கிறது, ஆனால் மொத்த இடங்களில் 30 சதவீதம் வரைதான். ஆகவே போட்டி கடுமை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவர் என்னிடம் வந்தார், நல்ல மதிப்பெண், ஆய்வகத்தில் நல்ல திறமை. தயங்கித் தயங்கிப் பிப்ரவரியில் பிரிட்டனில் இருக்கிற ஒரு பேராசிரியருக்கு எழுதினார். இரண்டே நாளில் அன்பான பதில் வந்தது: உங்கள் வேலை பிடித்திருக்கிறது, வாருங்கள், ஆனால் உதவித்தொகைக்கான தேதி சென்ற மாதமே முடிந்துவிட்டது, சொந்தப் பணத்தில் வர முடியுமா? அந்த மாணவரின் அப்பா கொத்தனார். அந்தப் பதிலை அவர் எனக்கு வாசித்துக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அக்டோபரில் எழுதியிருந்தால் அந்தப் பேராசிரியரே அவர் பெயரை உதவித்தொகைக்கு முன்வைத்திருக்கலாம். ஆகவே பிரிட்டனுக்கு செப்டம்பர் நடுவிலேயே எழுதத் தொடங்கட்டும். உதவித்தொகைக்கான தேதியிலிருந்து பின்னோக்கி மூன்று மாதம் எண்ணுங்கள்.

ஜெர்மனியில் சீசன் என்றே ஒன்று இல்லை. ஒரு பேராசிரியரைத் தனியாகக் கண்டுபிடித்து, அவர் எழுத்தில் சம்மதித்து, அதன் பிறகு பதிவு செய்வது அங்கே பழைய வழி. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) தருகிற உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாலும் அந்தச் சம்மதக் கடிதம் வேண்டும். பேராசிரியருக்கு நிதி வரும்போது இடம் வரும், அது எந்த மாதத்திலும் இருக்கலாம். சேர நினைக்கிற தேதிக்கு ஒன்பது மாதமோ ஒரு வருடமோ முன்னால் எழுதுங்கள். ஆகஸ்ட் மட்டும் வேண்டாம், பாதிப் பேர் விடுமுறையில் இருப்பார்கள். மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனங்கள் நடத்துகிற பிஎச்.டி. பள்ளிகள் போன்றவற்றுக்குத் தனி விண்ணப்பத் தளமும் தேதியும் உண்டு, அங்கே பேராசிரியரிடம் நேராகக் கேட்டாலும் தளத்துக்குத்தான் அனுப்புவார்.

நெதர்லாந்து, ஸ்வீடன், நார்வே பக்கம் பிஎச்.டி. என்பது பெரும்பாலும் விளம்பரம் கொடுத்து ஆள் எடுக்கிற வேலை. விளம்பரம் வந்த பிறகு அதில் குறிப்பிட்டிருக்கிற ஆளிடம் சந்தேகம் கேட்கலாம், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவில் பல பல்கலைக்கழகங்கள் முதலில் மேற்பார்வையாளரின் ஆதரவைக் கேட்கின்றன. அங்கே கல்வியாண்டு பிப்ரவரி, மார்ச்சில் தொடங்குவதால் நம் கணக்கே மாறிவிடும், இப்போதே எழுதினால்கூடச் சில இடங்களுக்குத் தாமதம்தான்.

ஜப்பான் அரசின் உதவித்தொகையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தூதரகம் வழியாகப் போனால் ஏப்ரல், மே வாக்கில் விண்ணப்பம், பிறகு எழுத்துத் தேர்வு, நேர்காணல். அந்த முதல் கட்டத்தில் தேறியவர்களுக்கு ஒரு சான்று கொடுப்பார்கள். அதைக் காட்டித்தான் பேராசிரியரிடம் தற்காலிக ஏற்புக் கடிதம் கேட்க வேண்டும். அதற்கு முன் அறிமுகமாகப் பேசி வைப்பதில் தப்பில்லை, கடிதம் மட்டும் கேட்கக் கூடாது.

சரி, உள்ளூர்க் கதைக்கு வருகிறேன். வெளிநாடு கிடைக்காவிட்டால் இங்கேயே கைடு, அதாவது ஆய்வு வழிகாட்டி, பார்க்கலாமா என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 'கிடைக்காவிட்டால்' என்று ஏன் சொல்ல வேண்டும்? தேசிய அளவிலான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கினால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அது கையில் இருந்தால் எந்தக் கைடும் உட்கார வைத்துப் பேசுவார். ஐ.ஐ.எஸ்சி., ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் பெரும்பாலும் துறையின் நேர்காணலில் தேறிச் சேர்ந்த பிறகே கைடு முடிவாகும்.

நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் முதல் கேள்வியே "கைடு ஒத்துக்கொண்டாரா?" என்பதுதான். அங்கே கைடிடம் காலியிடம் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம். ஓய்வு பெற மூன்று வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. இது தெரியாமல் ஒரே கைடின் அறை வாசலில் ஒரு வருடம் காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அறிவிப்பு வரும்வரை இருக்காமல் இரண்டு மூன்று மாதம் முன்பே நேரில் போய்ப் பார்க்கட்டும். அவரிடம் இப்போது ஆய்வு செய்கிற இரண்டு பேரிடம் டீக்கடையில் பேசட்டும், அங்கேதான் உண்மை வரும். கைடு பிடித்துத் தருகிறேன் என்று பணம் கேட்கிற ஆட்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இனி மெயில். ஆகஸ்ட் மாதம் முழுவதும் படிப்பதற்கு. பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரும் கடந்த இரண்டு மூன்று வருடத்தில் எழுதிய கட்டுரைகளில் இரண்டையாவது படிக்கட்டும். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் புகழ்வது உடனே தெரிந்துவிடும். அதன் பிறகு செப்டம்பரில் எழுதுவது. நான் யார், பெங்களூரில் என்ன செய்தேன், அதில் எங்கே மாட்டிக்கொண்டேன், உங்கள் வேலையில் எது என்னை இழுத்தது, அடுத்த வருடம் மாணவர்களை எடுக்கிறீர்களா என்று ஒரு திரைக்குள் அடங்கும்படி இருந்தால் போதும். இரண்டு பக்க சி.வி. இணைக்கட்டும். "மதிப்பிற்குரிய ஐயா, தாழ்மையுடன்" என்ற நம் ஊர் விண்ணப்ப நடை வேண்டாம். பெண் பேராசிரியருக்கு 'சார்' என்று போன மெயில்கள் ஏராளம், 'புரொஃபசர்' என்று குடும்பப் பெயரைச் சேர்த்து எழுதினால் யாருக்கும் பொருந்தும். ஒரே துறையில் ஐந்து பேருக்கு ஒரே நாளில் அனுப்பக் கூடாது. அவர்கள் ஒரே வராந்தாவில் இருப்பவர்கள், பேசிக்கொள்வார்கள்.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து அதே மெயிலின் கீழேயே இரண்டு வரி. அப்புறமும் வராவிட்டால் அடுத்த பெயர். பதில் வராததற்குக் காரணம் அவர்களுடைய மெயில் பெட்டி. உங்கள் மகளின் தகுதியைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை, இதை வீட்டில் அடிக்கடி சொல்லுங்கள்.

"நான் ஒரு அம்மாவாக அந்தப் பேராசிரியருக்கு ஒரு வார்த்தை எழுதலாமா?" என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் வேண்டாம் அம்மா. மகளே எழுத வேண்டும். பெங்களூர் ஆய்வகத்துப் பேராசிரியரிடம், இந்தப் பத்துப் பெயர்களில் யாரையாவது தெரியுமா என்று மகள் இந்த வாரமே கேட்கட்டும், அவர் எழுதுகிற ஒரு வரி அறிமுகத்துக்கு மதிப்பு அதிகம். ஆகஸ்ட் 20-க்குள் அந்தப் பட்டியலையும் முதல் மெயிலின் வரைவையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.